பிப்ரவரி முப்பதில் ஒரு கல்யாணம்

காரைக்காலில் சுவரைப் பார்த்து நிற்காத மனிதரே கிடையாது. வக்கீல் நின்றிருக்கிறார், பல் டாக்டர் நின்றிருக்கிறார், ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அத்தனை பேரையும் நிற்க வைத்தவர் ஒரே ஆள்தான். மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஆன்லைன் விண்ணப்பமும் கல்யாணப் பத்திரிகை டிசைனும் ஒரே கம்ப்யூட்டரில் செய்துகொடுக்கும் ‘திரும்பிக்குங்க’ நானா.

நானா என்றால் எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அண்ணன். அவர் ஊருக்கே அண்ணன். அவருடைய வாப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் அதை இங்கே எழுதுவதற்கில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடை பத்தடிக்கு எட்டடி. பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, பயிர்க் காப்பீடு, படகுப் பதிவு என்று எதற்காகப் போனாலும் படிவத்தில் பாதி வரைக்கும் நானா சாதாரண மனிதராகத்தான் தட்டிக்கொண்டிருப்பார். பாஸ்வேர்டு கட்டம் வந்ததும் ஆள் மாறிவிடுவார். விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் தூக்குவார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வார்.

“திரும்பிக்குங்க.”

நாம் திரும்ப வேண்டும். நாம் மட்டுமல்ல, கூட வந்த மனைவி, மச்சான், மாமியார் எல்லோரும் திரும்ப வேண்டும். கைக்குழந்தை இருந்தால் அதையும் மறுதோளுக்கு மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். “கொழந்தைக்கு என்ன நானா தெரியும்?” என்று ஒரு தாய் கேட்டே விட்டார்.

“இப்ப தெரியாதும்மா. வளந்து பெரிசானதும் ஞாபகம் வந்துட்டா?” என்றார் நானா.

அப்படித் திரும்புகிறவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று எதிர்ச் சுவரில் ஒரு தினசரி காலண்டரை மாட்டியிருந்தார். அதற்குக் கீழே அவர் கையால் எழுதிய அட்டை ஒன்று: “ஓடிபியை யாருக்கும் சொல்லாதே. வீடு தேடி வந்து கேட்பவன் திருடன். நானாவே வந்து கேட்டாலும் சொல்லாதே.” பத்து வருடத்தில் அந்த அட்டையை ஊரே மனப்பாடம் செய்திருந்தது. அதுதான் பிற்பாடு வினையாயிற்று.

இதில் கொடுமை என்னவென்றால், நானா தட்டுவது நம்முடைய பாஸ்வேர்டைத்தான். அதை நமக்குச் சொல்லவே மாட்டார். நான் ஒருமுறை சண்டை போட்டுப் பார்த்தேன்.

“நானா, அது என் பாஸ்வேர்டு. எனக்குத் தெரிய வேணாமா?”

“தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?”

“வச்சுக்கறேன்.”

“எங்க வச்சுக்குவீங்க? பர்ஸுல ஒரு சீட்டு, போன்ல ஒரு போட்டோ, பொஞ்சாதிகிட்ட ஒரு வார்த்தை. ஊரு முழுக்கப் போயிடும். என்னை நம்பிக் குடுத்துட்டீங்க. இது அமானிதம் தம்பி. நாளைக்கு மறுமையில எங்கிட்டத்தான் கேப்பாங்க, உங்ககிட்ட கேக்க மாட்டாங்க.”

அமானிதம் என்பது ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். அதைக் கட்டிக்காப்பதில் நானாவுக்கு இணையே கிடையாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கடை ஷட்டருக்கு மூன்று பூட்டுகள் போடுவார். மூன்று சாவிகளையும் பக்கத்து டீக்கடை ஆணியில் மாட்டிவிட்டுத் தொழுகைக்குப் போவார். “சாவி கையில இருந்தாத்தானே தொலையும்?” என்பது அவர் கட்சி. கம்ப்யூட்டருக்கு மட்டும் பாஸ்வேர்டே கிடையாது. முன்பு ஒன்று வைத்து அதை அவரே மறந்துபோய், இரண்டு நாள் கடையைச் சாத்த வேண்டியதாகிவிட்டதாம்.

சரி, ஊரார் பாஸ்வேர்டையெல்லாம் எங்கே வைத்திருக்கிறார்? ஒரு மழை நாளில், கடையில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், “உங்களுக்கு மட்டும் சொல்றேன் தம்பி” என்று காதருகே வந்தார். கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்து காட்டினார். அருமையான பத்திரிகை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே சங்கு, கீழே அலை. முன்பக்கத்தில் மணமகன் பெயர் மாப்பிள்ளை, மணமகள் பெயர் பொண்ணு. முகூர்த்தம் பிப்ரவரி முப்பதாம் தேதி.

“பிப்ரவரியில ஏது நானா முப்பது?”

“அதுக்குத்தான் போட்டேன். எவனும் வந்துடக் கூடாதுல்ல?”

பின்பக்கத்தைப் பார்த்தேன். ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்ற தலைப்பில் நாற்பத்தோரு பெயர்கள். வழக்கமாகப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் துபாய், சிங்கப்பூர், மின்துறை என்று போடுவார்களே, அந்த இடத்தில் பாஸ்வேர்டு. மீனவர்களுக்கு மீன் பெயர், விவசாயிகளுக்கு நெல் பெயர், அரசாங்கத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்குப் பூ. நான் நெல் விளையும் குரும்பகரத்துக்காரன் என்பதால் என் பெயருக்குப் பக்கத்தில் சீரகச்சம்பா@12.

“திருடன் வந்தா மொதல்ல எதத் தேடுவான்? பாஸ்வேர்டுன்னு பேரு வச்ச ஃபைல. கல்யாணப் பத்திரிகையில பின்பக்கத்த எவன் படிப்பான்? சொந்தக்காரனே அவன் பேர மட்டும் பாத்துட்டுக் கீழ வச்சிடுவான்” என்றார் நானா.

“அந்த ஃபைலுக்காவது ஒரு பூட்டு போட்டு வைக்கலாமே?”

“பூட்டு போட்டாத்தான் தம்பி உள்ள என்னமோ இருக்குன்னு தெரியும்.”

எனக்கு மட்டும் சொன்ன இந்த ரகசியத்தை மற்ற நாற்பது பேருக்கும் அவரவருக்கு மட்டும் சொல்லியிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

இப்போது என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் புதுச்சேரி அரசாங்கத்தில் ஒரு குமாஸ்தா. எங்கள் அரசாங்கத்துக்கு நாலு துண்டு நிலம். புதுச்சேரி, காரைக்கால் தவிர, கேரளக் கரையில் மாஹே, ஆந்திரக் கரையில் ஏனாம். எந்தத் துண்டுக்கு வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள். நான் மாஹேயில் நான்கு வருடம் இருந்தேன். என் மகள் பிறந்ததும் தவழ்ந்ததும் நடந்ததும் எனக்குப் போனில்தான். விடுமுறையில் வீட்டுக்கு வந்து நின்றால், என்னைப் பார்த்துவிட்டு மேசைமேல் இருக்கும் போனைக் காட்டி, “எங்கப்பா அதுக்குள்ள இருக்காரு” என்பாள். ஒரு வழியாகக் காரைக்காலுக்கு மாற்றல் கிடைத்து, அவள் என்னைத் தொட்டுப் பார்த்து நம்பி, ஒரு வருடம் ஆகியிருந்தது.

அந்த நேரத்தில் வந்தது சுற்றறிக்கை. எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் ஏனாம் போக வேண்டும். பட்டியலில் இருந்தவர்கள் இரண்டு பேர்: நானும், எதிர் மேசை சாந்தி மேடமும். இருவரும் தங்கள் விருப்பத்தை இணையத்தில் பதிய வேண்டும். திங்கட்கிழமை மாலை ஐந்து மணி வரை மாற்றிக்கொள்ளலாம். ஐந்து மணிக்கு யார் பெயருக்கு நேரே ஏனாம் என்று இருக்கிறதோ அவருக்கு மூட்டை கட்டிவிடுவார்கள். நானும் காரைக்கால் என்று போட்டேன். சாந்தி மேடமும் காரைக்கால் என்று போட்டார். இருவருக்கும் போட்டுக்கொடுத்தது நானாதான். இரண்டு தடவையும் நானும் மேடமும் சேர்ந்தே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அதே வாரம் கிளிஞ்சல்மேட்டுப் படகு முதலாளி தங்கவேலு தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். திரையில் தற்செயலாகப் பிப்ரவரி முப்பது கல்யாணம் திறந்திருந்தது. குத்துவிளக்கும் அலையும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. “இதே மாதிரி போடுங்க நானா” என்றார். பத்திரிகை டிசைன் தொழிலில் யாரும் வெற்றுத் தாளிலிருந்து ஆரம்பிப்பதில்லை. பழைய ஃபைலைத் திறந்து பெயரை மாற்றுவதுதான் வழக்கம். நானாவும் மாப்பிள்ளை, பொண்ணு இருந்த இடத்தில் நிஜ மாப்பிள்ளை, நிஜப் பெண் பெயரைப் போட்டார். தேதியை மாற்றினார். மண்டபத்தைப் போட்டார்.

பின்பக்கம் வந்தபோதுதான் வில்லங்கம். தங்கவேலுவையும் சேர்த்து அண்ணன் தம்பிகள் ஐந்து பேர். மாப்பிள்ளை வீட்டில் நான்கு மாமன்கள். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதில் அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு நிச்சயதார்த்தம் நின்றுபோயிருக்கிறது. ஆகவே ஒன்பது பேரும் நேரில் வந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பெயர்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவது. வரிசை நானாவின் இஷ்டம். பத்திரிகை கொடுத்து முடிக்கும் வரை இரு வீட்டாரும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கக் கூடாது.

“பாத்தா சண்டை வரும் நானா. நாங்களே திரும்பிக்கறோம்” என்றார் தங்கவேலு. நானா தட்டி முடிக்கும் வரை ஒன்பது பேரும் காலண்டரைப் பார்த்து நின்றார்கள். யாரும் சொல்லாமல் தாங்களாகவே சுவர்ப் பக்கம் திரும்பிய முதல் வாடிக்கையாளர்கள் அவர்கள்தான். நானா உருகிப்போனார். அந்த உருக்கத்தில் ஒன்பது பெயர்களையும் போட்ட ஃபைலுக்குக் ‘கல்யாணம் கடைசி கடைசி’ என்று பெயர் வைத்துவிட்டு, முன்பக்கத்தை மட்டும் மாற்றியிருந்த ‘கல்யாணம் கடைசி’யைப் பென்டிரைவில் ஏற்றி, நாகப்பட்டினம் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார்.

அறுநூறு பத்திரிகைகள் வந்தன. முன்பக்கம் பிழையில்லை. ஒப்பந்தப்படி யாரும் பின்பக்கத்தைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் தங்கவேலு குடும்பம் ஊர் முழுக்கக் கொடுத்து முடித்தது.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பத்திரிகையோடு வந்தாள்.

“ஏங்க, தங்கவேலு நமக்கு எந்த வழியில சொந்தம்?”

“ஒரு வழியிலயும் இல்ல. ஆபீஸுக்கு வருவாரு. அவ்வளவுதான்.”

“பின்ன எதுக்கு உங்க பேரப் போட்டிருக்காங்க? அதுவும் சீரகச்சம்பா பன்னண்டுன்னு போட்டிருக்கு. கல்யாணத்துக்குப் பன்னண்டு மூட்டை அரிசி தர்றதா ஒத்துக்கிட்டீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?”

பற்பசையை விழுங்கிவிட்டேன். நாற்பத்தோரு பெயர்கள். எங்கள் தெருவில் மட்டும் எட்டு வீட்டில் அந்தப் பத்திரிகை இருந்தது. பட்டியலில் ஏழாவது பெயர் என்னுடையது. இருபத்திரண்டாவது சாந்தி மேடம், கனகாம்பரம்@7. அவர் வீட்டுக்கும் பத்திரிகை போயிருந்தது. உள்ளே என் மகள் ஒற்றைச் சாக்ஸைத் தேடி அழுதுகொண்டிருந்தாள். ஏனாமிலிருந்து அந்தச் சாக்ஸை எப்படித் தேடிக் கொடுப்பேன் என்று நினைத்தேன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

கடையில் நானா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. கையில் பத்திரிகை.

“நாப்பத்தியோரு பேரோட அமானிதம் தம்பி. அறுநூறு காப்பி போட்டு வீடு வீடாக் குடுத்திருக்கேன். எந்தத் திருடனும் இவ்வளவு சுத்தமா வேலை செஞ்சிருக்க மாட்டான்” என்றார். குரல் உடைந்துபோயிருந்தது. திட்டலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதை மறந்துவிட்டேன்.

“என்னோடத மொதல்ல மாத்துங்க நானா. இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கெடு.”

உட்கார்ந்தார். பழைய பாஸ்வேர்டு போட்டால் உள்ளே போனது. என் விருப்பம் காரைக்கால் என்றே இருந்தது. பாஸ்வேர்டை மாற்றப் போனால், பதிவு செய்த கைப்பேசிக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. கைப்பேசி எண் மாஹேயில் வாங்கியது.

“அந்த சிம் எங்க தம்பி?”

“மாஹே ஆத்துல நானா. மாத்தல் உத்தரவு வந்த அன்னிக்குக் கழட்டி வீசிட்டேன்.”

“ஏன் தம்பி வீசினீங்க?”

“சந்தோஷத்துல நானா.”

என் பாஸ்வேர்டை மாற்ற வழியில்லை. ஐந்து மணி வரை நானே உள்ளே போய்ப் போய்ப் பார்த்துக் காவல் காக்க வேண்டியதுதான். மற்ற நாற்பது பேருக்கும் ஓடிபி வாங்கி மாற்றிவிடலாம் என்று நானா எழுந்தார். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு நான் அவருடைய மொபெட்டில் பின்னால் ஏறினேன். என் மடியில் இரவல் லேப்டாப்.

முதல் வீடு மண்டபத்தூரில், செல்வி அக்கா. புருஷன் கடலுக்குப் போயிருந்தார், போன் அக்காவிடம். நானா திண்டாடித் திண்டாடி விஷயத்தைச் சொல்லி, “ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லும்மா” என்றார். அக்கா எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ஜன்னல் வழியாகப் பேச்சுவார்த்தை நடந்தது.

“நான் நானாம்மா. தெரியலியா?”

“தெரியுது. வீடு தேடி வந்து ஓடிபி கேக்கறவன் யாரு?”

“திருடன்.”

“நானாவே வந்து கேட்டா?”

“சொல்லக் கூடாது.”

“எழுதி வச்சது யாரு?”

“நாந்தான்.”

“அப்ப போயிட்டு வாங்க.”

அடுத்த நாலு வீட்டிலும் இதே கதைதான். ஒரு பெரியவர் நாயை அவிழ்த்துவிட்டார். அந்த நாய்க்கும் நானாவைத் தெரியும் என்பதால் வாலை ஆட்டிக்கொண்டு மொபெட்டோடு ஓடிவந்தது. எனக்கு அழுகை வந்தது. நானாவுக்கோ முகமெல்லாம் பெருமை. “பாத்தீங்களா தம்பி, ஒருத்தர்கூடச் சொல்லலியே! எவ்வளவு நல்லாக் கத்துக் குடுத்திருக்கேன்!”

தோற்றுப்போய்க் கடைக்குத் திரும்பினால், சந்து கொள்ளாத கூட்டம். வீட்டில் சொல்லக் கூடாது, கடையில் நானாவின் காதில் மட்டும் சொல்லலாம் என்பதுதானே பத்து வருட வழக்கம்? ஆளாளுக்குப் போனைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். செல்வி அக்கா முதல் ஆள். நானா உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றினார்.

“திரும்பிக்குங்க.”

உள்ளே இருந்த எட்டுப் பேர் காலண்டர் பக்கம் திரும்பினார்கள். வாசலில் நின்றவர்களுக்குச் சுவர் போதவில்லை. அவர்கள் எதிர்க் கடைச் சுவர் பக்கமும், அதற்குப் பிறகு வந்தவர்கள் டீக்கடைச் சுவர் பக்கமும் திரும்பினார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எதற்கு வம்பு என்று தாங்களும் திரும்பிக்கொண்டார்கள். அந்தப் பக்கமாக வந்த டிராபிக் கான்ஸ்டபிள் யாருக்கோ மௌன அஞ்சலி என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்.

மதியம் இரண்டு மணிக்குள் நாற்பதும் மாறிவிட்டன என்று நானா சொன்னார். ஆச்சரியம், யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. ஒரே ஒருவரின் கணக்கில் மட்டும் யாரோ புகுந்திருந்தார்கள். ரேஷன் கார்டில் அவர் மனைவி பெயரில் இருந்த பிழையை, நானா ஆறு மாதமாகப் போராடியும் திருத்த முடியாத பிழையை, எவரோ ஒரு புண்ணியவான் திருத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார். நானா அந்த ஆளை இன்று வரை தேடிக்கொண்டிருக்கிறார். வேலைக்கு வைத்துக்கொள்ளத்தான்.

நான் அலுவலகத்துக்கு ஓடினேன். எதிர் மேசையில் சாந்தி மேடம். அவருடைய கைப்பைக்குப் பக்கத்தில் தங்கவேலு வீட்டுப் பத்திரிகை, முன்பக்கம் தெரிய. நான் அவர் கையையே பார்த்தேன். அவர் என் கையையே பார்த்தார். அவர் போனை எடுத்தால் நானும் எடுத்தேன். என் கணக்கைத் திறந்து பார்ப்பேன்: காரைக்கால். ஐந்து நிமிடம் கழித்துப் பார்ப்பேன்: காரைக்கால். அன்று பிற்பகல் அரசாங்கத்தின் வேலை ஒரு துளியும் நடக்கவில்லை.

நாலே முக்காலுக்கு எனக்குள் சைத்தான் புகுந்தது. நான் மறைக்கப் போவதில்லை. சாந்தி மேடம் காலையிலிருந்து அலுவலகத்தில்தான் இருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. நானா கடைக்கு அவர் வரவே இல்லை. எண்ணத் தெரியாத நானா டீக்கடைக்காரரையும் சேர்த்து நாற்பது என்று எண்ணியிருக்கிறார். அப்படியானால் கனகாம்பரம்@7 இன்னும் உயிரோடு இருக்கிறது. சம்பளப் பட்டியல் போடுகிறவன் நான். அவருடைய ஊழியர் எண் எனக்கு மனப்பாடம். பழைய கோப்புகள் இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஊழியர் எண்ணைப் போட்டேன். போன் முழுக்க என் மகள் முகமாகத் தெரிந்தது. பாஸ்வேர்டு கட்டத்தில் ‘கனகா’ வரை தட்டினேன்.

கழுத்து திரும்பிக்கொண்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் திருப்பவில்லை. பத்து வருடப் பழக்கம். அடுத்தவருடைய பாஸ்வேர்டு தட்டப்படும்போது என் முகம் சுவர்ப் பக்கம் போய்விடுகிறது. எதிரே அலுவலகக் காலண்டர். திரும்பவும் போனைப் பார்த்து ‘ம்’ போடப் போனேன். திரும்பவும் காலண்டர். சுவரைப் பார்த்தபடி திருடுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். மிகவும் கேவலமாக இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெளியே வந்தேன்.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து அடித்தது. கடைசியாக ஒருமுறை என் கணக்கைப் பார்த்தேன். காரைக்கால். எதிர் மேசையில் சாந்தி மேடமும் போனைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். பிறகு கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார். ஏழாவது பெயருக்குப் பக்கத்தில், காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி ஒன்று அழுத்தி ஒட்டியிருந்தது.

“நேத்து சாயங்காலமே ஒட்டிட்டேன் சார். எனக்கும் ஏனாம் போக இஷ்டமில்ல. ஒட்டலைன்னா கை சும்மா இருக்காது, அதான்.”

“நீங்க ஏம்மா நானா கடைக்கு வந்து உங்களோடத மாத்தல?”

“போகலாம்னுதான் நெனச்சேன். நீங்க லீவு போட்டிருந்தீங்களே, ஆபீஸ்ல ஆள் வேணாமா? அதோட, நீங்க பாக்கற ஆளா சார்?”

மேசைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். இந்தக் கட்டுரையைப் படித்துத்தான் அவருக்கு ‘கனகா’ விஷயம் தெரியப் போகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள் மேடம்.

உத்தரவு பத்து நாளில் வந்தது. இணையத்தின் மேல் நம்பிக்கையில்லாமல் இதிலெல்லாம் தலையிட மாட்டேன் என்று ஒதுங்கியிருந்த எங்கள் கண்காணிப்பாளரை ஏனாமுக்கு அனுப்பினார்கள். ஏன் என்று கேட்காதீர்கள், அரசாங்கம். தங்கவேலு வீட்டுக் கல்யாணமும் ஜாம் ஜாமென்று நடந்தது. பத்திரிகையில் அண்ணன் பெயரும் இல்லை, தம்பி பெயரும் இல்லை, மாமன் பெயரும் இல்லை என்பதால் அந்தக் குடும்ப வரலாற்றிலேயே முதல்முறையாகச் சண்டை வரவில்லை. நல்வரவை நாடியவர்கள் என்று பெயர் போட்டுவிட்டார்களே என்று நாங்கள் நாற்பத்தோரு பேரும் குடும்பத்தோடு போய் வாசலில் நின்று சந்தனம் கொடுத்தோம். என் மனைவி ஒரு மூட்டை சீரகச்சம்பாவாவது கொடுத்தால்தான் மரியாதை என்று அடம்பிடித்துக் கொடுக்க வைத்தாள்.

நானா மட்டும் தேறவில்லை. ஒரு வாரம் கடையை மூடிவைத்தார். பிறகு திறந்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “இனிமே நீங்களே வச்சுக்குங்க. எனக்கு அந்தத் தகுதி போயிட்டு” என்று அவரவர் பாஸ்வேர்டைக் காதில் சொல்லி அனுப்பினார். பதினைந்து நாளில் முப்பது பேர் திரும்பி வந்துவிட்டார்கள். “மறந்துபோச்சு நானா. நீங்களே வச்சிருங்க.” செல்வி அக்கா இன்னும் ஒரு படி மேலே போய், “எழுதி வச்சா யாராச்சும் பாத்துடுவாங்க, உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றாராம். நானா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார். இப்போது எங்கே வைத்திருக்கிறார் என்று கேட்டேன். “உங்களுக்கு மட்டும் சொல்றேன்” என்று ஆரம்பித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

என் கைப்பேசி எண்ணை மாற்றித் தரச் சொல்லித் துறைக்கு மனு போட்டு, அது மாறி வர மூன்று மாதம் ஆயிற்று. புது பாஸ்வேர்டு வைக்க நானா கடைக்குப் போனேன். நானா நாற்காலியிலிருந்து எழுந்தார். என்னை உட்காரச் சொன்னார்.

“நீங்களே அடிங்க தம்பி. என்ன வச்சீங்கன்னு நான் கேக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு, அவர் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். ஊரையே திரும்ப வைத்த மனிதர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் மாட்டிய காலண்டரை அவரே படித்துக்கொண்டு நின்றார். சட்டைக் காலர் பின்புறம் நைந்திருந்தது. நெல் பெயர், மீன் பெயர், பூப் பெயர் எதுவும் தோன்றவில்லை. அவருடைய வாப்பா அவருக்கு வைத்த பெயரை எழுத்து எழுத்தாகத் தட்டினேன்.

அதனால்தான் இவ்வளவு நேரமாக அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அது தெரிந்தவர்கள் காரைக்காலில் இன்னும் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: கொஞ்சம் திரும்பிக்குங்க.